கயிறு பிடித்தவரின் கட்டைவிரல்

மகனே,

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். லண்டனிலிருந்து வரவழைத்த காகிதப் பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு, சென்னையிலிருந்து ரயிலேறி வந்து நம் கயிற்றுக் கடை வாசலில் நீ நின்ற காலையிலேயே சொன்னேன்: பழைய சங்கதியைக் கிளறாதே, கடைசியில் யாராவது ஒருத்தர் அழுவார்கள் என்று. உன் காதில் விழுந்திருக்காது. நான் சொன்ன நேரத்தில் துறைமுகத்துக்குப் போகிற லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஆனாலும் சொன்னேன். நான் கணித்து எது தப்பியிருக்கிறது? ரேடியோவில் சொல்வதற்கு இரண்டு நாள் முன்பே புயல் வருகிறது என்று தோணிக்காரர்களை எல்லாம் கரையில் நிறுத்தி வைத்தவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து விஷயம் கேட்டுப் போயிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவன் இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டு, ஐந்தாவது தடவையாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நீ போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "சித்தப்பா, கத்திய பத்தி ஒங்களுக்கு யாரு சொன்னா?" உன் புத்தகத்தில் கயிற்றை அறுத்ததாக எழுதியிருக்கிறாயே, அந்தக் கத்தி. நான் சத்தம் போட்டேன். உன்னைத் தூக்கி வளர்த்த கையையே சந்தேகப்படுகிறாயா என்று கேட்டேன். மாதா மேல் ஆணை என்றேன். நீ திரும்பச் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "பதில் இருந்தா கூப்பிடுங்க சித்தப்பா" என்று வைத்துவிட்டாய். அன்றிலிருந்து நான் கூப்பிடவில்லை, நீயும் கூப்பிடவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் நினைவுக் கல் திறப்பு. கல்லில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. இரண்டு பெயர் இருக்க வேண்டுமா வேண்டாமா என்பது என் பதிலில் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் மிச்சத்தை நீ படிக்கமாட்டாய்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் சொன்னபடி இல்லாமல் உன் காகிதத்தில் இருக்கிறபடி ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் நம் கரையிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிப்போனான். ஒருவர் என் தாத்தா கஸ்பார். சங்கு குளிப்பவர், மூச்சுப் பிடித்தால் மேலே நிற்பவனுக்குப் பயம் வந்துவிடும். இன்னொருவர் அவருடைய மச்சான் சந்தியாகு, என் பாட்டியின் உடன்பிறந்தவர், தாத்தாவுக்குக் கயிறு பிடிப்பவர். கிழக்கே ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த ஒரு தீவு. அதன் பெயரை நீ பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தும் என் வாயில் நுழையவில்லை. அங்கே ஒதுங்கி நின்ற கப்பல் ஒன்றின் அடியில் வெடி கட்ட வேண்டும். ஒரு சின்னப் படகில் இரண்டு வெள்ளைக்காரர்களும் நம் ஆட்கள் இரண்டு பேரும் போனார்கள். தாத்தா இறங்கினார். கரையிலிருந்து சுட ஆரம்பித்துவிட்டார்கள். படகு திரும்பிவிட்டது. தாத்தா மேலே வரவில்லை. காகிதத்தில் அவ்வளவுதான் இருக்கிறது. நான் ஊரெல்லாம் சொன்ன ஏழு சுறாவும் அதில் இல்லை. வெள்ளைக்காரத் துரை தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டதும் இல்லை. நீயே அதையெல்லாம் சிரித்துக்கொண்டே அடித்துவிட்டாய். கத்தியை மட்டும் அடிக்கவில்லை.

கயிறு பிடிப்பது என்றால் என்ன என்று சென்னைக்காரர்களுக்கு விளங்க உன் புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். நன்றாக எழுதியிருந்தாய். நம் கரையில் குளிக்கிறவன் தன் இடுப்புக் கயிற்றை அண்ணன் தம்பியிடம்கூடக் கொடுக்கமாட்டான், பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனிடம்தான் கொடுப்பான். கீழே இருக்கிறவனுக்கு ஏதாவது ஆனால் தாலி அறுப்பது கயிறு பிடிக்கிறவனின் சொந்த அக்காளோ தங்கச்சியோதான். அதனால் அவன் கண்ணை அந்தண்டை இந்தண்டை திருப்பமாட்டான். அப்படிப் பிடிக்கிறவன் ஆளில்லாமல் கரைக்குத் திரும்பினால் அதன்பிறகு யாரும் அவனிடம் கயிறு கொடுக்கமாட்டார்கள். யாரும் திட்டமாட்டார்கள், கொடுக்கமாட்டார்கள், அவ்வளவுதான். சந்தியாகு தாத்தா திரும்பி வந்ததும் என் பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லையாம். அவர் குடும்பத்தோடு கடலை விட்டே போய் ஏரலில் வாழைத்தோட்டத்தில் கூலி வேலை பார்த்தார். கடைசிவரை ஒரு தும்புக் கயிற்றைக்கூடக் கையால் தொடவில்லை என்பார்கள். இது உண்மை. இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

சேர்த்தது எப்போது என்று சொல்கிறேன். நீ வந்து தங்கின அந்த நாலு நாள். உன் அப்பா போனபிறகு உன்னை வளர்த்தேன் என்று பேர், ஆனால் நீ காலேஜுக்குச் சென்னை போனதிலிருந்து என்னோடு சேர்ந்தாற்போல் நாலு நாள் இருந்ததே அதுதான். நீ கடை ஸ்டூலில் உட்கார்ந்து போனை ரெக்கார்டில் போட்டு நைலான் கயிற்றுக் கட்டின் மேல் வைத்தாய். நான் பேசப் பேச நீ நோட்டில் எழுதினாய். நாற்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன் மகனே, என் பேச்சை ஒருத்தன் எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. வாடிக்கைக்காரன் வந்தால்கூட, "பொறும் வே, பேட்டி நடக்கு" என்று நிறுத்தி வைத்தேன். நாலாம் நாள் மத்தியானம் எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை. நீ மூடியைத் திருகிப் பேனாவைப் பையில் செருகினாய். "அவ்வளவுதானா சித்தப்பா? படகு திரும்புனது, அவரு வரல. வேற எதுவும் கேள்விப்படலியா?" என்று கேட்டுக்கொண்டே போனை எடுக்கக் கை நீட்டினாய். சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் போட்டிருந்தாய். அப்போதுதான் நான் சொன்னேன்: "வெளிய சொல்லக் கூடாதுன்னு இருந்தேம்ல. சந்தியாகு கயித்த அறுத்துட்டாருல்லா. கத்திய வச்சு." நீ போனை அப்படியே வைத்துவிட்டாய். டிக்கெட்டை மறுநாளைக்கு மாற்றினாய். அன்றைக்கு ராத்திரி நாம் இரண்டு பேரும் புரோட்டா சாப்பிட்டோம், நினைவிருக்கிறதா? நீ எனக்குப் பரிமாறினாய்.

புத்தகம் வந்தது. எனக்குப் படிக்க மெதுவாகத்தான் வரும் என்றாலும் அந்த அத்தியாயத்தை மனப்பாடமாக வைத்திருந்தேன். முன்னுரையில் நீ எனக்கு நன்றி எழுதியிருந்த வரியை லேமினேட் பண்ணிக் கல்லாவுக்கு மேல் மாட்டினேன். கடைக்கு வருகிறவன் எல்லாம், "அண்ணாச்சி, ஒங்க தாத்தாவயா மச்சான்காரன் அறுத்து விட்டான்?" என்று கேட்கும்போது என் நெஞ்சு ஒரு சாண் விரியும். கல் வைக்க வேண்டும் என்று ஊரில் வரலாறு பேசுகிற நாலு பேர் கூடி முடிவு எடுத்தபோது என்னைத்தான் நடுவில் உட்கார வைத்தார்கள். இரண்டு பேர் போனார்களே, இரண்டு பேரையும் போடலாமே என்று ஒருவர் கேட்டார். கூட்டத்தில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமலே ஒரு பெயரைக் கல்லிலிருந்து எடுக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாது. உன்னிடம் மறைத்தேன். கல்லுக்கு ஆர்டர் கொடுத்து ஒரு மாதம் இருக்கும், ஒரு வயசான அம்மா கடைக்கு வந்தார். ஏரலிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். பையில் ஒரு சீப்பு வாழைக்காய். படியேறி மூச்சு வாங்கிவிட்டு, "ஏலே, நீதானே அந்தோணி மவன்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நான் பிலோமி. சந்தியாகு மவ. ஒனக்குச் சித்தி முறை வேணும்" என்றார். நான் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன், டீ சொன்னேன். என்ன விஷயமாக வந்திருப்பார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதனாலேயே நிறுத்தாமல் பேசினேன். அமைச்சர் வருகிறார், கலெக்டர் வருகிறார், வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது என்று அளந்தேன். சித்தி டீயைக் குடித்து முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"கத்திய யாரு பாத்தா?" என்று கேட்டார்.

"சித்தி, அதெல்லாம் ரெக்கார்டு பூர்வமா இருக்கு. லண்டன்ல பேப்பர் இருக்கு. நம்ம கையில ஒண்ணும் இல்ல."

"லண்டன்காரனுக்கு எங்கய்யா கையத் தெரியுமாக்கும்? எங்கய்யாவுக்கு ரெண்டு கையிலயும் ரேகை கெடையாதுல. வழுவழுன்னு கண்ணாடி மாரி இருக்கும். சோத்த உருட்டுனா பருக்கை ஒட்டாது. ஒரே ஒரு நாளு கேட்டேன், ஏன்யா இப்படி இருக்குன்னு. 'நான் விடல பிள்ள, கயிறு முடிஞ்சு போச்சு'ன்னாரு. படகு போவுது, அவரு கீழ கெடக்காரு, கயிறு கையில ஓடுது. விடாம பிடிச்சிருக்காரு. கடைசி நுனி வரைக்கும்."

நான் சிரித்தேன் மகனே. அதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. "பெத்த புள்ளைட்ட எந்த அப்பன் சித்தி நெசத்தச் சொல்லுவான்?" என்று சிரித்தேன். பக்கத்துக் கடைக்காரனும் கூடச் சிரித்தான். சித்திக்குக் கோபம் வரவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "பூசையில ஒருத்தருக்கொருத்தர் கையக் கூப்பிச் சமாதானம் சொல்லச் சொல்லுவாருல்லா சாமியாரு, அப்ப எம் பக்கத்துல நிக்கிறவ அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதா. புஸ்தகம் வந்ததுலேருந்து இப்படித்தான். எனக்குக் கல்லுல பேரெல்லாம் வேண்டாம். எங்கய்யாவுக்குப் படிக்கத் தெரியாது, பேரு இருந்து என்ன. அந்தக் கத்திய மட்டும் எடுத்துரச் சொல்லு ஒம் மவன்ட்ட. நீ சொன்னா கேப்பான்லா?" என்றார். சொல்கிறேன் என்றேன். பஸ் ஏற்றிவிட்டேன். வாழைக்காயைப் பொரித்துச் சாப்பிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

பிறகு உனக்கு லண்டனிலிருந்து இரண்டாவது கட்டுக் காகிதம் வந்தது. கத்தியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் நீ போனில் நிதானமாக எனக்கு விளக்கினாய். போகிற காரியத்தை வெளியே சொல்லமாட்டோம் என்று நம் ஆட்கள் இரண்டு பேரிடமும் கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள். திரும்பி வந்தபிறகு சந்தியாகுவிடம் மறுபடியும் வாங்கியிருக்கிறார்கள். "போகும்போது வச்சதுல ரேகை அச்சா விழுந்திருக்கு சித்தப்பா. வந்தப்புறம் வச்சதுல வெறும் மை. ஒரு கோடு இல்ல" என்றாய். உன் குரல் இறங்கியிருந்தது. கத்தியால் அறுத்தவனுக்குக் கட்டைவிரல் எப்படித் தேயும் என்று நீ கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை, நான் கயிறு விற்கிறவன். நனைந்த கயிறு பாரத்தோடு ஓடும்போது அதைப் பிடித்தால் கை என்ன ஆகும் என்று இந்த ஊரில் எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? தெரிந்துதான் சத்தம் போட்டேன்.

போன வாரம் பிலோமி சித்தி இறந்துபோனார். சேதி வந்ததும் ஏரலுக்குப் போனேன். மாலை வாங்கிக்கொண்டுதான் போனேன், பெரிய மாலை. வாசலில் நின்றுவிட்டு வந்துவிடுவது என்று இருந்தேன். அங்கேயும் வாய் சும்மா இருக்கவில்லை. யாரோ என்னை அடையாளம் கண்டு, "கல்லு விசயம் என்னாச்சு அண்ணாச்சி?" என்று கேட்டார். "பேரு வருது, எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அந்த இடத்தில் அது நன்றாக இருந்தது. உடனே உள்ளே போய்ச் சொல்லிவிட்டார்கள். சித்தியின் மகள் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்கம்ம கேக்காமப் போயிட்டாவளே அண்ணே, நேத்து வந்து சொல்லப்பிடாதா?" என்றாள். மகனே, எனக்கு அறுபத்திரண்டு வயசாகிறது. என் கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. பிடித்த நாளில் அது பொய் சொன்னவனின் கையாக இருந்தது.

நீ நினைப்பாய், இத்தனையும் ஒப்புக்கொள்கிற மனுஷனுக்கு ஒரு பதில் சொல்ல மூன்று வாரம் எதற்கு என்று. சொல்கிறேன். கத்தியை நான் எடுத்துவிட்டால் அதோடு சேர்ந்து வேறு எதெல்லாம் போகும் என்று கணக்குப் பார்த்தேன். உன் அப்பா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடும்போது பக்கத்தில் இருந்தது நான் ஒருவன்தான். அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று நீ சின்ன வயசில் கேட்டாய், உன் பெயரைச் சொன்னார் என்றேன். மறு வருஷம் கேட்டாய், உன்னைப் படிக்க வைக்கச் சொன்னார் என்றேன். நீ காலேஜுக்குக் கிளம்பிய அன்றைக்கு ஒரு பிரசங்கமே அவர் வாயில் வைத்தேன், நீ பெரிய படிப்பாளி ஆவாய் என்று அவர் பார்த்துவிட்டதாக. நீ அழுதாய். உன் புத்தகத்தை யாருக்குக் காணிக்கை ஆக்கியிருக்கிறாய் என்று நான் தினம் பார்க்கிறேன். அவர் சொன்னது, "அவனுக்குச் சோறு குடுத்தியாலே?" அவ்வளவுதான். என்னிடம் கேட்டாரா, நர்ஸை யாரென்று நினைத்துக் கேட்டாரா, அதுகூடத் தெரியாது. மற்றதெல்லாம் நான். ஆனால் அந்தச் சோறு கேட்டது நிஜம் மகனே. அதற்குச் சாட்சி கிடையாது, காகிதம் கிடையாது, கைநாட்டு கிடையாது. என் வாய் ஒன்றுதான் சாட்சி, அந்த வாய் எப்படிப்பட்டது என்று இந்தக் கடிதத்திலேயே எழுதிவிட்டேன். இனிமேல் நீ அதை நம்பமாட்டாய். அதுதான் என்னை மூன்று வாரம் உட்கார வைத்தது.

பெரியவன் என்ற முறையில் உனக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன், வாங்கிக்கொள்ள இஷ்டம் இருந்தால் வாங்கிக்கொள். நீ இன்னும் எத்தனையோ ஊருக்குப் போவாய், எத்தனையோ கிழவர்கள் முன்னால் போனை வைப்பாய். ஒருத்தன் சொல்வது நிஜமா என்று அவன் முகத்தில் தேடாதே. நீ எழுந்திருக்கும்போது அவன் என்ன செய்கிறான் என்று பார். உன்னை உட்கார வைக்க அவன் சொல்கிற முதல் வார்த்தையை எழுதாதே. அதை எழுதாமல், இன்னும் ஒரு நாள் சும்மா அவனோடு இரு. நீ சும்மா இருந்திருந்தால் எனக்குக் கத்தி தேவைப்பட்டிருக்காது. உன் மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. போடுகிறேனோ என்னவோ, அதுவும் பழக்கம்தான்.

நேற்றுக் கல் வெட்டுகிறவரிடம் போனேன். கஸ்பார் என்கிற பெயருக்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்றார். நான் சொன்னால் வெட்டமாட்டார், புத்தகம் எழுதின சார் சொல்ல வேண்டுமாம். இந்த ஊரில் என் பேச்சுக்கு இருக்கிற மரியாதையைப் பார். புத்தகத்தைத் திருத்தினால் உனக்குத் தலைக்குனிவு என்று தெரியும். ஒரு கயிற்றுக் கடைக்காரன் பேச்சைக் கேட்டு எழுதினான் என்பார்கள். பிலோமி சித்தி பூசையில் பக்கத்துக்காரியின் சமாதானம் கிடைக்காமலே போய்விட்டார், அதை எந்தக் கல்லும் திருத்தாது. நீ என்ன செய்வாய் என்று மட்டும் என்னால் கணிக்க முடியவில்லை.

இன்னொன்று. சின்ன வயசில் என் அப்பா என்னை ஒரு தடவை ஏரலுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ஒரு மெலிந்த மனுஷர் தோட்டத்திலிருந்து வந்து, ஒரு வாழைப்பழத்தை உரித்து எனக்கு நீட்டினார். வாங்கும்போது என் விரல் அவர் உள்ளங்கையில் பட்டது. ஈரம் காயாத சோப்புக் கட்டியைத் தொட்டது போல் இருந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன், பழம் கீழே விழுந்துவிட்டது. அவர் குனிந்து எடுத்து, துடைத்து, மறுபடியும் நீட்டினார். அந்தக் கையை எனக்குத் தெரியும் மகனே. நீ போனை எடுக்கக் கை நீட்டியபோதும் தெரியும். பிலோமி சித்தி வந்தபோதும் தெரியும்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். கத்தியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் படகில் கத்தியே கிடையாது. நான்தான் ஒன்றைக் கொண்டுபோய்ச் சந்தியாகு தாத்தாவின் கையில் வைத்தேன்.

உன் சித்தப்பா